சிறு நீராவி ரயில்

நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் வலுவால் ஆட்களை ஏற்றிச் செல்லும் மாதிரி ரயில் எஞ்சின்களைக் கட்டி ஓட்டும் பொழுதுபோக்கு. பிரிட்டனில் வேரூன்றி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எனப் பரவியது. எஞ்சின்களை அவற்றின் தண்டவாள இடைவெளியை வைத்தே பெயர் சொல்வார்கள்: 2½ அங்குலம் (64 மி.மீ.), 3½ அங்குலம் (89 மி.மீ.), 5 அங்குலம் (127 மி.மீ.), 7¼ அங்குலம் (184 மி.மீ.). பிரிட்டனின் பெரிய ரயில்களுக்கு இந்த இடைவெளி 1,435 மி.மீ. சிறிய அளவுகளுக்குத் தண்டவாளத்தைப் பெரும்பாலும் தூண்கள்மேல் உயர்த்திப் போடுவார்கள். பயணிகள் நீண்ட பலகையின் இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு அமர்வார்கள். 7¼ அங்குல ரயில் தரையிலேயே ஓடும்.

ஆளை ஏற்றும் குறுகிய பாதைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. சர் ஆர்தர் ஹேவுட் 1874இல் இங்கிலாந்தின் டஃபீல்டில் 15 அங்குலப் பாதை போட்டார். பண்ணை, மாளிகை வேலைகளுக்குச் சரக்கு இழுக்க அது உதவும் என்பது அவர் எண்ணம். வீட்டுப் பட்டறையில் ஒருவர் தம் கையாலேயே எஞ்சின் கட்டும் வழக்கத்துக்கு உரமிட்டது 1898ஆம் ஆண்டு. பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' இதழைத் தொடங்கியதும், லண்டனில் மாதிரிப் பொறியாளர் சங்கம் அமைந்ததும் அந்த ஆண்டில்தான். ஆனாலும் அக்காலத்துச் சிறு எஞ்சின்களில் பல சாராய விளக்கில் ஓடின. அவை தம்மையும் சில பெட்டிகளையும் இழுத்தால் போதும் என்றே கருதப்பட்டது.

இந்தக் கருத்தை உடைத்தவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் (1883–1967). தாம் வேலை பார்த்த லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டவர். பெரிய எஞ்சினில் இருப்பது போன்ற தீக்குழாய்க் கொதிகலனும் நிலக்கரி நெருப்பும் 2½ அங்குல எஞ்சினிலும் வேலை செய்யும், வளர்ந்த ஆளையே இழுக்கும் என்று 1922இல் 'மாடல் எஞ்சினிய'ரில் வாதிட்டார். எதிரணியில் நின்றவர் அன்றைய முதன்மை வடிவமைப்பாளர் ஹென்றி கிரீன்லி. 'கொதிகலன் போர்' என்று பெயர் பெற்ற அந்த வாதம் 1924ஆம் ஆண்டு மாதிரி எஞ்சின் கண்காட்சி ஒன்றில் நேருக்கு நேர் வந்தது. எதிரணியின் சார்பில் நார்தாம்ப்டனின் பாசெட்-லோக் நிறுவனம் 'சாலஞ்சர்' எஞ்சினை நிறுத்தியது. லாரன்ஸ் கொண்டுவந்தது தாமே கட்டிய 'ஆயிஷா'. எஞ்சின் கட்டுபவர்கள் அதன்பின் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்தால் வெற்றி யாருடையது என்பதில் ஐயமில்லை: நிலக்கரியே நிலைத்தது.

வெற்றியின் சூட்சுமம், அடுப்பின் சூட்டைத் தண்ணீருக்கு நடுவே கொண்டுசெல்லும் தீக்குழாய்களில் இருந்தது. பெரிய எஞ்சினின் தீக்குழாய் ஒவ்வொன்றும் சுமார் 50 மி.மீ. விட்டம் உடையது. அப்படி நூற்றுக்கும் மேல் இருக்கும். 16இல் ஒரு பங்காகச் சுருக்கினால் குழாய் 3 மி.மீ. ஆகிவிடும், சாம்பலும் புகைக்கரியும் சீக்கிரமே அதை அடைத்துவிடும். நெருப்பையும் தண்ணீரையும் வரைபடத்தோடு சேர்த்துச் சுருக்க முடியாது. ஆகவே வெளித்தோற்றத்தில் அளவு பிசகாமல், உள்ளே எண்ணிக்கை குறைந்த, சற்றுப் பருத்த குழாய்களை வைக்க வேண்டும். இந்தத் துறையின் மிகப் பெரிய அறிவு இதுதான் என்று சொல்லலாம்.

லாரன்ஸ் அதோடு நிற்கவில்லை. லேத்தில் முன்அனுபவம் இல்லாதவருக்கும் புரியும்படி, எந்தத் துளையை எப்போது போடுவது என்பதுவரை பல்லாண்டுகள் எழுதினார். புதியவர்களுக்காக அவர் வரைந்த 'டிச்' என்ற 3½ அங்குலக் குட்டி எஞ்சின் இன்றும் கட்டப்படுகிறது. மார்ட்டின் எவன்ஸின் 'ராப் ராய்', 'சிம்ப்ளெக்ஸ்' ஆகியவை அதே வழியில் வந்தவை.

அமெரிக்காவில் இதை ஊரறியச் செய்தவர் வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி அரை மைல் நீளத்துக்கு 7¼ அங்குலப் பாதை போட்டு, 1950இல் 'லில்லி பெல்' எஞ்சினை ஓட்டினார். மனைவியின் பூந்தோட்டத்துக்கு இடையூறு வராமல் அடியில் சுரங்கம் வெட்டினார். 1953இல் ரயில் கவிழ்ந்து ஒரு சிறுமிக்கு ஆவி சுட்டுவிட, பாதையை மூடிவிட்டார். அங்கே பிறந்த ஆசைதான் 1955இல் டிஸ்னிலாந்து ரயிலாயிற்று.

ஓட்டும் நாளில் முதல் வேலை ஆவி ஏற்றுவது. அடுப்பில் மண்ணெண்ணெயில் ஊறிய கரித்துண்டுகளைப் பற்றவைத்து, புகைபோக்கியின் வாயில் சிறு மின்விசிறியைப் பொருத்துவார்கள். அது காற்றை மேல்நோக்கி இழுக்கும். நெருப்புப் பிடித்ததும் சுண்டுவிரல் நுனியளவு நிலக்கரியைச் சிறு கரண்டியால் தூவுவார்கள். ஆவியழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டை எட்டியதும் ரயில் புறப்படத் தயார். பிறகு ஓட்டுநரின் கண் நீர்மட்டக் கண்ணாடியை விட்டு விலகக் கூடாது. தண்ணீர் குறைந்து அடுப்பின் மேற்தகடு வெளிப்பட்டால் செம்புக் கொதிகலன் பாழாகிவிடும், ஆபத்தும் கூட. இதனால்தான் கிளப்கள் கொதிகலனுக்குச் சான்றிதழ் கேட்கின்றன. புதிதாகக் கட்டியதைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள்.

பிரிட்டனின் பிரதான ரயில்பாதைகளில் நீராவி 1968இல் ஓய்ந்தது. மறு ஆண்டே சிறு எஞ்சின்களின் திறன் போட்டி தொடங்கியது. எரித்த நிலக்கரியின் எடையையும் எஞ்சின் இழுத்துச் செய்த வேலையையும் அளந்து திறனைக் கணக்கிடுவார்கள். நல்ல எஞ்சினுக்கும் இரண்டு மூன்று விழுக்காடு தேறினால் பெரிது.

இன்றைய கவலை எரிபொருள். சிறு அடுப்புக்கு வேண்டியது புகை குறைந்து சூடு மிகுந்த வேல்ஸ் நிலக்கரி. அதைத் தந்துவந்த ஃபோஸ்-அ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. வெளிநாட்டு நிலக்கரியையும், தூளை அழுத்திச் செய்த முட்டைவடிவக் கட்டிகளையும் கிளப்கள் இப்போது ஒவ்வொன்றாக எரித்துப் பார்க்கின்றன.