ஒரே சில்லு, இரண்டு விலை: கெப்ளர் தலைமுறையும் பெங்களூரும்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2015இல் நிறுவப்பட்ட ‘சஹஸ்ரா-டி’ மீக்கணினியின் 44 கணுக்களில் என்விடியா நிறுவனத்தின் டெஸ்லா கே40 முடுக்கிகள் இடம்பெற்றிருந்தன. வரைகலை அட்டைகளின் தலைமுறை வளர்ச்சி எவ்வாறு அளந்து அளந்து வழங்கப்பட்டது என்பதை அறிய, இந்தக் கே40 நல்ல சான்று.

கெப்ளர் தலைமுறை 2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 அட்டையுடன் தொடங்கியது. அதிலிருந்தது 294 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள நடுத்தரச் சில்லு. ஆனால் முதல்தர அட்டைக்குரிய பெயரும் 499 டாலர் விலையும் அதற்குக் கிடைத்தன. போட்டியாளரான ஏஎம்டியின் ரேடியான் 7970ஐ எதிர்கொள்ள அதுவே போதுமாயிருந்தது. 561 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள பெரிய சில்லு முதலில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து மீக்கணினிக்குச் சென்றது. விளையாட்டாளர்களுக்கு அது 2013 பிப்ரவரியில் ‘டைட்டன்’ என்ற பெயரில் 999 டாலருக்கு வந்தது. அதன் முழு வடிவம் நவம்பரில் 780 டிஐ ஆக 699 டாலருக்கு வந்தது. உற்பத்தி நுட்பம் எல்லாவற்றுக்கும் அதே 28 நானோமீட்டர்தான்.

780 டிஐ, கே40 இரண்டிலும் ஒரே வகைச் சில்லு; இரண்டிலும் 2880 கருக்கள். எனினும் 64 பிட் இரட்டைத் துல்லியக் கணக்கீட்டில், ஒற்றைத் துல்லிய வேகத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கே40 தந்தது. 780 டிஐக்கு 24இல் ஒரு பங்கே அனுமதிக்கப்பட்டது. திறன் சிலிக்கானில் இருந்தது. தடுத்தது வணிக முடிவு. கே40இல் பிழைதிருத்த நினைவகமும் 12 ஜிபி கொள்ளளவும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் பாய்ம இயக்கவியலிலும் மூலக்கூறு உருவகப்படுத்தலிலும் உழைக்கும் ஆய்வாளர்கள், பூட்டைத் திறப்பதற்கும் சேர்த்தே விலை கொடுத்தார்கள் என்பதை அது மறைத்துவிடாது.

அடுத்து வந்த மேக்ஸ்வெல் தலைமுறையில் பூட்டுக்கே தேவையிருக்கவில்லை. 28 நானோமீட்டரிலேயே நின்றுவிட்ட நிலையில், சில்லின் பரப்பு விளையாட்டுத் திறனுக்கு ஒதுக்கப்பட்டது. இரட்டைத் துல்லியம் 32இல் ஒரு பங்காகச் சுருங்கியது. அறிவியல் கழகத்தின் அடுத்த பெரிய மீக்கணினியான ‘பரம் பிரவேகா’ 2022இல் வோல்டா தலைமுறையின் வி100உடன் வந்தது. இரட்டைத் துல்லியத்தில் கே40ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகம் அதற்கு.

இன்று சந்தையை வழிநடத்துவது செயற்கை நுண்ணறிவு. அதற்குக் குறைந்த துல்லியமே போதும். கே40இன் இரட்டைத் துல்லிய வேகம் 1.43 டெராஃப்ளாப். 2025இன் பிளாக்வெல் அல்ட்ரா சில்லில் அது சுமார் 1.3.