அறனோ என்ற வினா: நெட்டிமையாரின் பன்னிரண்டாம் புறப்பாட்டும் 'அறப்போர்' வாதமும்

பண்டைத் தமிழரின் போரறம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில்தான் வந்து நிற்கிறார்கள். ஆக்களும், அவற்றைப் போன்ற இயல்புடைய பார்ப்பனரும், பெண்டிரும், நோயாளரும், முன்னோர்க்குக் கடன் செய்ய மகனைப் பெறாதவரும் காவலான இடம் சேரட்டும் என்று அறிவித்துவிட்டே அம்பு தொடுப்பவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்கிறார் நெட்டிமையார். அறிவித்துச் செய்தான், ஆகவே அது அறப்போர் என்பது வாதம்.

அறிவித்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 'ஆகவே' என்பதில்தான் ஐயம். யாரைக் கொல்லலாகாது என்பது ஒரு கேள்வி. எதற்காகக் கொல்கிறோம் என்பது வேறு கேள்வி. முன்னதற்குக் கிடைத்த விடையைப் பின்னதற்கும் விடையாகக் கொண்டுவிட்டது இந்த வாதம். பாடிய நெட்டிமையார் அப்படிக் கொள்ளவில்லை. அதே அரசனை அவரே பாடிய பன்னிரண்டாம் பாட்டு அதற்குச் சான்று.

ஐந்தே அடிகள் கொண்ட பாட்டு. பாணர்க்குப் பொற்றாமரை கிடைக்கிறது. புலவர்க்கு யானையும் தேரும் கிடைக்கின்றன. பிறர் மண்ணை அவர்கள் துன்புறும்படி கைக்கொண்டு உன்னை விரும்புவோர்க்கு இனியவை செய்கிறாயே, இது அறந்தானா என்று குடுமியின் முகத்துக்கு நேரே கேட்கிறார் புலவர். பழிப்பதுபோலப் புகழ்தல் என்று சொல்லி இந்தக் கேள்வியைக் கடந்துபோவது வழக்கம். கொடையின் மிகுதியைச் சொல்லவே குறை கூறுவதுபோல நடிக்கிறார் என்பது அவ்வுரை.

இந்த உரையை ஏற்கத் தயங்குகிறேன். பழிப்பு புகழாக மாற வேண்டுமானால், சொல்லப்பட்ட பழி பொய்யாகவோ பொருட்படுத்த வேண்டாத சிறு குறையாகவோ இருக்க வேண்டும். அல்லது கேட்பவர் அதைத் திருப்பிப் பொருள்கொள்ளப் பாட்டிலேயே ஒரு குறிப்பு வேண்டும். ஔவையார் தொண்டைமானிடம் சொன்ன தொண்ணூற்றைந்தாம் பாட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்த படைக்கலங்கள் இங்கே, தொண்டைமானிடம். நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை அங்கே, ஔவையாரின் தலைவன் அதியமானிடம். புகழ்போல ஒலிப்பது புகழல்ல என்பதை அதியமானைப் பற்றிய இறுதி அடிகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பன்னிரண்டாம் பாட்டில் அப்படிப்பட்ட திறவுகோல் இல்லை. பிறர் மண் கொண்டது உண்மை, அவர்கள் துன்புற்றதும் உண்மை. அந்தப் பழியை நீக்கும் ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை. கேள்வியோடு தொடங்கும் வாக்கியம் பிறர் இன்னாமையையும் தம்மவர் இன்பத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு முடிகிறது.

'அறனோ' என்பதில் உள்ள ஓகாரம் எதைக் குறிக்கிறது? தொல்காப்பியம் ஓகாரத்துக்கு ஆறு பொருள் சொல்லும்: பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு. எதிர்மறையாகக் கொண்டால் 'இது அறமன்று' என்றே தீர்ப்பாகிவிடும். என் வாதத்துக்கு அது இன்னும் வலிமை தரும். ஆயினும் பாட்டின் அமைதிக்கு வினாவே பொருந்துகிறது என்பதால் அந்த அளவில் நிற்கிறேன். கேட்பவர் யார் என்பதையும் மறக்கலாகாது. யானையும் தேரும் பெறும் புலவர் வரிசையில் அவரும் ஒருவர். தம் கைக்கு வந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பெற்றவரே கேட்கிறார்.

திணை பாடாண், துறை இயன்மொழி. எனவே புகழ்தான் என்று மறுப்பர். திணையும் துறையும் தொகுப்பின் பகுப்பு. புலவர் வாய்ச்சொல் அல்ல. அரசனிடம் இப்படிக் கேட்க முடியுமா என்போர்க்கு, மலையமான் மக்களை யானைக் காலில் இடப்போன கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்த நாற்பத்தாறாம் பாட்டே விடை.

நெட்டிமையாரின் பதினைந்தாம் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். தேர் ஓடிய பகைவரின் தெருக்களில் கழுதையைப் பூட்டி உழுகிறான் குடுமி. விளைவயலில் குதிரைக் குளம்பு பதிகிறது. காவல் மிகுந்த நீர்நிலையில் களிறுகள் இறங்குகின்றன. தொண்டை நாட்டிலுள்ள பீர்க்கன்கரணை ஏரிக்கருகே குடியிருந்து இதை எழுதுகிறேன். ஏரிகளால் வாழ்ந்த இந்நாட்டார்க்கு இந்தக் கடைசிச் செய்தியை விளக்க வேண்டியதில்லை. யானைகள் இறங்கிக் கலக்கிய குளத்தில் குடிக்கும் நீர் சேறாகும், கரை சரியும். ஒன்பதாம் பாட்டில் காவலிடம் தேடிப்போன ஆவும் பெண்டிரும் திரும்பி வரும் ஊர் இதுதான். உயிர் தப்பியது; வாழ வழி தப்பவில்லை.

ஒன்பதாம் பாட்டின் பட்டியலும் நாம் நினைக்கும் அளவு விரிந்ததன்று. மகனில்லாதவனுக்கு விலக்கு உண்டு, அவன் இறந்தால் முன்னோர்க்குக் கடன் செய்ய ஆளில்லை என்பதால். மகனைப் பெற்ற உழவனுக்கு விலக்கு இல்லை. இங்கே காக்கப்படுவது உயிரா, சடங்கின் தொடர்ச்சியா என்று கேட்க இடமிருக்கிறது.

1977-ஆம் ஆண்டின் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறையும் தாக்குதலுக்கு முன் பொதுமக்களை எச்சரிக்கச் சொல்கிறது; எச்சரித்ததாலேயே போர் நியாயமாகிவிடும் என்று அது சொல்லவில்லை. அறிவிப்பு எவ்வளவு தூரம் திரியக்கூடும் என்பதை 2009-இல் இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதியில் வன்னியில் கண்டோம். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. மக்களைத் திரளச் சொல்லி அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட மூன்று பாதுகாப்பு வலயங்கள்மீதும் அரசுப் படையே பெருமளவில் எறிகணை வீசியது என்ற குற்றச்சாட்டை அது நம்பத்தக்கதாகக் கண்டது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. முள்ளிவாய்க்காலில் ஒடுங்கிய மக்களுக்குக் காவலிடம் எது என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பை அறத்துக்கு அளவுகோலாக்கும் வாதம் இந்த இடத்தில் என்ன சொல்லும்?

எந்தப் போரும் நியாயமாகாது என்று நெட்டிமையார் சொன்னதாக நான் வாதிடவில்லை. வந்து தாக்குபவனைத் தடுத்து நிற்பது பற்றி இம்மூன்று பாட்டுகளிலும் பேச்சில்லை. பிறர் மண்ணைக் கொள்ளும் போரை மட்டுமே அவர் கேள்விக்கு உட்படுத்துகிறார். எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும், எவ்வளவு கொடையாகப் பகிர்ந்தாலும் அந்தக் கேள்வி தீராது. ஒன்பதாம் பாட்டைத் தமிழர் போரறத்துக்குச் சான்றாகப் பாடநூலில் சேர்ப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பன்னிரண்டாம் பாட்டையும் பதினைந்தாம் பாட்டையும் அதனுடன் சேர்த்தே அச்சிடுங்கள்.