தாமிரபரணி யாருக்கு ஓடுகிறது?

ஜூலை 23 வந்தால் கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போகிறோம். பூத்தூவுகிறோம், முழக்கமிடுகிறோம், பஸ் பிடித்துத் திரும்புகிறோம். அந்த ஆற்றைப் பற்றி நாம் எவ்வளவு படித்திருக்கிறோம்?

பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது தாமிரபரணி. மலைக்கும் கடலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழை சமவெளியையும் சேர்த்து நனைக்கிறது. அதனால்தான் இங்கே கார், பிசானம் என இரண்டு போகம் நெல். உயரத்திலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடலே விலகிப்போனது. முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர்.

இவையெல்லாம் பாடநூலில் கிடைக்கும். அந்த நஞ்சையில் இறங்கி உழைத்தவர்கள் யார் என்பதுதான் கிடைக்காது. நிலம் கோயிலுக்கும், பிரமதேய ஊர்களுக்கும், பின்னாளில் மிராசுதாருக்கும் உரியதாக இருந்தது. கால்வாய் வெட்டியவர்கள், மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள், நாற்று நட்ட பெண்கள் பெரும்பாலும் நம் மக்கள். பண்ணையாளாக இருந்தவனுக்கு நீர் எந்த வயலுக்கு எப்போது போகவேண்டும் என்று தெரியும். அந்த வயல் அவன் பேரில் இல்லை. 1892இல் பஞ்சமர்க்கு நிலம் தரும் ஆணை வந்தபோதும் ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் தரிசுதான். ஆற்றுப்பாசன நஞ்சையை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

மலைக்கும் இதே கதை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்துக்கு விட்டது. அதுதான் மாஞ்சோலை. மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பில் தேயிலை பயிரிட்டவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். கூலி உயர்வு கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். மலையில் உழைத்தவர்களுக்காக வந்தவர்கள், அந்த மலையிலிருந்தே இறங்கிவரும் ஆற்றில்.

இப்போது ஆற்றின் 'பயன்பாடு' பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டம் பல பத்தாண்டுகளாகச் சர்ச்சையில் இருக்கிறது. வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளநீரை (வீண் என்ற சொல்லே தப்பு, முகத்துவாரத்து மீனவரைக் கேட்டுப் பாருங்கள்) கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்குக் கொண்டுபோகும் கால்வாய் வேலை 2009இல் தொடங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவரும் அந்தக் கால்வாயை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை.

ஆனால் நீர் வந்தால் புஞ்சைக்கு விலை ஏறும். அங்கே பஞ்சமி நிலம் இருந்தால் அது இன்று யார் கையில் இருக்கிறது? கால்வாய் போகும் கிராமங்களின் பழைய அ-பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் அடுத்த ஜூலைக்குள் ஒரு தாலுகாவையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கூட வர நாங்கள் இருக்கிறோம்.