மகாத் நகரசபையும் சவுதார் குளமும்

மகாத் என்றவுடன், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியதே நம் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அச்சிறு நகரத்தின் நகரசபை ஆற்றிய செயலை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கொங்கணத்தில் சாவித்திரி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. சந்தைக்கும் அரசு அலுவல்களுக்கும் அங்கு வந்த நம்மவர், தாகம் எடுத்தால் ஊர்க்கோடியில் தம் குடியிருப்புக் கிணறு வரை நடக்க வேண்டும். பொதுக்குளமோ வழியிலேயே இருந்தது!

1923-இல் பம்பாய்ச் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் பேணப்படும் குளம், கிணறு, பள்ளி யாவும் தீண்டப்படாதாருக்கும் உரியன என்றது. அதனை ஏற்று, மகாத் நகரசபை 1924-இல் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டது. பிற ஊர்கள் பல அசையவில்லை. அத்தகைய உள்ளாட்சிகளுக்கு மானியத்தை நிறுத்துக என 1926-இல் போலே மீண்டும் எழ நேர்ந்தது.

ஆயினும் ஏட்டில் திறந்த அக்குளத்தில், 1927 மாநாட்டினர் அணிவகுத்துச் செல்லும் வரை, நம்மவர் எவரும் நீர் மொள்ள இயலவில்லை. சென்றவர்கள் அடிபட்டனர், குளம் பஞ்சகவ்வியத்தால் 'தூய்மை' செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அதே நகரசபை தன் தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது. இது நம்மை இன்றும் வருத்துகிறது.

ஆனால் குளம் நகரசபையின் உடைமை என்பதை எவராலும் நீக்க முடியவில்லை. விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அண்ணலின் பக்கம் தீர்ப்பளித்தது.