குழந்தை ஒதுக்கும் காய்க்கு யார் விலை கொடுப்பது? அமெரிக்க ஹிஸ்பானிக் ஏழைக் குடும்பங்களில் காய்கனி இருப்பு

அமெரிக்காவின் ஹிஸ்பானிக் ஏழைக் குடும்பங்களில் சிறு குழந்தைகள் ஏன் காய்கனியைக் குறைவாக உண்கிறார்கள் என்று கேட்கும் ஆய்வுகள் பலவும் கடைத்தெருவிலிருந்தே தொடங்குகின்றன: பேரங்காடி எத்தனை மைல், பேருந்து உண்டா, விலை என்ன. கேள்விகள் தவறானவை அல்ல. டெக்சஸின் தென்கோடியில், ஹிடால்கோ கவுண்டியின் 'கொலோனியா' குடியிருப்புகளில் கார் இல்லாத வீட்டுக்குப் பேரங்காடி எட்டாத தொலைவுதான். ஆனால் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பகுதியை நேரில் ஆராய்ந்தபோது, 'புல்கா' எனப்படும் சந்தைகளும் வண்டி வியாபாரிகளும் காய்கனி விற்பது கணக்கில் வந்தது. கடைப் பதிவேட்டை மட்டும் புரட்டியவர்கள் இவற்றைத் தவறவிட்டிருப்பார்கள்.

வீட்டுக்குள் அளப்பது இன்னும் கடினம். ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரியின் டாம் பரனோவ்ஸ்கி, கேரன் கல்லன் குழுவினர், காய்கனி வீட்டில் இருப்பதையும் அது குழந்தையின் கைக்கெட்டும்படி கழுவி நறுக்கி வைக்கப்பட்டிருப்பதையும் வேறுவேறாகக் கொண்டனர். மெக்சிகோச் சமையலறையில் தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லிக்குப் பொதுவாகக் குறைவிராது. அவை காரமான சல்சாவாகிப் பெரியவர் தட்டுக்குப் போய்விடுகின்றன. கணக்கெடுப்புப் பட்டியலில் நாலு காய், மூன்று வயதுப் பிள்ளையின் வயிற்றில் ஒன்றுமில்லை. பொதுவான அமெரிக்கப் பட்டியலை நீட்டினாலோ, நோப்பால் எனும் சப்பாத்திக்கள்ளி மடலும் சயோட்டேயும் விடுபடும். (சயோட்டே நம் சௌசௌதான்; மெக்சிகோப் பக்கமிருந்து வந்தது.)

இக்குடும்பங்களில் இருப்பைத் தீர்மானிப்பது வாங்கும் விலையைவிட வீணாகும் விலையே என்பது என் வாதம். இரண்டு வயதிலிருந்து ஆறுவரை குழந்தை புது உணவை மறுப்பது இயல்பு. பலமுறை சுவைத்தால்தான் விருப்பம் பிறக்கும் என்பதை உளவியலாளர் லியான் பர்ச் 1980களிலேயே சோதித்துக் காட்டினார். கையில் காசுள்ள தாய் அத்தனை முறையும் பழக்கிப் பார்க்கலாம்; கூலியை எண்ணிச் செலவிடுபவளுக்கு அத்தனையும் நட்டம். ஆகவே பிள்ளை நிச்சயம் தின்பதையே வாங்குகிறாள். இதை அறியாமை என்று கொண்டு ஊட்டச்சத்து வகுப்புக்கு அழைப்பது பொருந்தாது. மெக்சிகோவில் பிறந்தவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகோ வம்சத்தவரைவிடக் கூடுதலாகக் காய்கனி உண்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. அறிவு அவர்களோடு எல்லை தாண்டி வந்திருக்கிறது.

'விக்' எனப்படும் தாய்சேய் உணவுத் திட்டம் 2009இல் தன் தொகுப்பை மாற்றியபோது, காய்கனிக்கு மட்டுமே செல்லும் சீட்டாகக் குழந்தைக்கு மாதம் 6 டாலர் தந்தது. பிள்ளை துப்பினாலும் வாடகைப் பணத்தில் கைவைக்க வேண்டியதில்லை, நட்டம் அரசுடையது. எனினும் 6 டாலரில் பழக்கமான வாழைப்பழம்தான் வரும், சோதனைக்கு மிச்சமிராது. 2021 அக்டோபரில் அத்தொகை 24 டாலரானது. இந்த ஏற்றத்தின் சிறப்பு, கூடுதல் கிலோவைவிட, தோற்றுப்பார்க்கக் கிடைத்த இடம் என்பேன்.

குறைகள் உண்டு. ஐந்தாம் பிறந்தநாளோடு சீட்டு நின்றுவிடும். 2019இல் அரசு உதவி பெறுவோரின் குடியேற்ற வாய்ப்பைச் சுருக்கும் விதி அறிவிக்கப்பட்டபோது, 'விக்' அதில் அடங்காதிருந்தும் அஞ்சி விலகிய குடும்பங்கள் இருந்தன. இவற்றையெல்லாம் ஒருநாள் குளிர்பெட்டிக் கணக்கெடுப்பு காட்டாது. மாதத் தொடக்கத்திலும் கடைசியிலும் அதே வீட்டுக்குப் போக வேண்டும். எது குப்பைக்குப் போயிற்று, அதற்கு எந்தப் பணம் போயிற்று என்பதும் வினாநிரலில் இடம்பெற வேண்டும்.