ஆறு நிமிட வகுப்பு

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோவிலையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மூச்சு வாங்க ஏறினால் பேச்சிப்பள்ளம், மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பெயர்கள் இருக்கின்றன. பலவற்றில் ராஜா பெருமையெல்லாம் கிடையாது. இன்னாருடைய மாணாக்கர் இன்னார், அவருடைய மாணாக்கர் இன்னார், அவ்வளவுதான். குரண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். யாரிடம் மாணாக்கராக இருந்தார் என்பதுதான் ஒரு ஆசிரியரின் சான்றிதழ். கூட இருந்தே தொழில் கற்றுக்கொள்கிற காலம்.

திண்ணைப் பள்ளியிலும் அதேதான். வாத்தியார் பெரிய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார், அந்தச் சட்டாம்பிள்ளை சின்னப் பையன்களை மணலில் எழுத வைப்பான். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இப்படி ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஆசிரியர்கள் மணலா, முடியாது என்றார்கள். சரி, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு வகுப்பை ஒப்படைத்தார் பெல். 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். நம்ம திண்ணை முறை ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஃபிரிஸ்கனுக்குப் பயமாக இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாத்தியார் ஆவதற்கென்றே தனிப் படிப்பு வந்தது அதற்குப் பிறகு. அமெரிக்க மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாற்றிய செமினரியில் உபதேசியார்களும் ஆசிரியர்களும் உருவானார்கள். பசுமலை, சமணர் மலைக்குப் பக்கத்து மலைதான். 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி வந்தது, பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. இந்தப் பயிற்சியில் பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி இருக்கும். நிஜப் பிள்ளைகள் முன்னால் பயிற்சி மாணவர் பாடம் நடத்த, பேராசிரியரும் சகமாணவர்களும் பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவார்கள். தொண்டை வறண்டு, சாக்பீஸ் நழுவி, அந்த நாற்பது நிமிடத்தைக் கடந்தவர்கள் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பயத்தைச் சின்னதாக உடைக்க முடியுமா என்று 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் சகாக்களும் யோசித்ததுதான் மைக்ரோ டீச்சிங், நம் கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல். ஒரே ஒரு திறன், கொஞ்சம் பேர், கொஞ்ச நேரம். அங்கே நிஜ மாணவர்களும் வீடியோவும் இருந்தார்கள். இங்கே பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பள்ளிகள் தயாரில்லை, கேமராவுக்குக் காசில்லை. எழுபதுகளில் தரமணி தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் போன்ற ஓரிரு இடங்களில்தான் டிவி வசதி. ஆகவே என்சிஇஆர்டி வகுத்த இந்திய முறையில் சகமாணவர்களே பிள்ளைகளானார்கள். ஐந்திலிருந்து பத்துப் பேர். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் திருத்தி யோசிக்க, மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து. மொத்தம் 36.

என்னைக் கேட்டால் இது நல்ல ஏழைக் கண்டுபிடிப்பு. இருபத்திரண்டு வயதுப் பெண் ஆறாம் வகுப்புப் பிள்ளையாகி “தெரியல டீச்சர்” என்று இழுக்கும்போது வகுப்பே சிரிக்கும், நடத்துகிறவருக்குக் கைநடுக்கம் நிற்கும். இரண்டாம் முறை நடத்தும்போது குரல் வேறு மாதிரி வரும். அது நிஜமான லாபம். ஆனால் என்ன கேள்வி வரும் என்பது முதல் நாளே ஹாஸ்டலில் முடிவாகியிருக்கும்!

கீழக்குயில்குடியை இங்கே கொண்டுவரக் காரணம் மலை மட்டுமில்லை. 1914இல் பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் பாய்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. ஊர்க்காரர்கள் வாயில் அது ரேகைச் சட்டம். ஆண்கள் கைரேகை கொடுத்துவிட்டு இரவில் போலீஸ் கண்ணெதிரே கிடக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். அதன்பிறகு அதே அரசாங்கம் ‘கள்ளர் சீரமைப்பு’ என்று பள்ளிகள் திறந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது, பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கின்றன.

அந்த முதல் வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க அப்பா காவலில், காலையில் மகன் பெஞ்சில். எதிரே நிற்கிற வாத்தியார் அவன் கண்ணுக்கு யார்? அந்தப் பையனின் மௌனத்தை எந்த சகமாணவரும் நடித்துக் காட்டியிருக்க முடியாது. ‘வலுவூட்டல்’, ‘கிளறு வினா’ என்று திறன்களுக்குப் பட்டியல் போட்டவர்களின் அட்டவணையில் அவனுக்குக் கட்டம் இல்லை.

2014இல் என்சிடிஇ விதிகள் மாறி பி.எட். இரண்டு வருடமானது, பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம் ஆனது. நுண்ணிலைக் கற்பித்தலும் ஓரமாகத் தொடர்கிறது. வெளிநாட்டில் திரையில் அவதாரக் குழந்தைகளை உட்கார வைத்து, அவர்களை அடங்காமல் இருக்கச் செய்து பழக்குகிறார்கள். அந்த அவதாரங்களும் சில நேரம் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்குமாம்.