அமெரிக்காவின் மெடிகெயிட்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வைத்தியர் கொடுப்பனவு

2007 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனை அடுத்துள்ள மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனது பல்லொன்றில் ஏற்பட்ட சீழ்க்கட்டியிலிருந்து கிருமிகள் மூளைக்குப் பரவியிருந்தன. ஆரம்பத்திலேயே அப்பல்லைப் பிடுங்கியிருந்தால் ஏறத்தாழ 80 டொலரே செலவாகியிருக்கும். இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கும் பல வார கால வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் சுமார் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலவான பின்னரும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

வறியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிகெயிட் அக்குடும்பத்துக்கு உரியதாகவே இருந்தது. அத்தாய் மாதக்கணக்காக இளைய மகனுக்கு ஒரு பல் வைத்தியரைத் தேடிக் கொண்டிருந்தார். மெடிகெயிட் நோயாளரை ஏற்கும் பல் வைத்தியர்களோ மிகச் சிலரே. இதனிடையே குடும்பம் வீடின்றி இடம்பெயர்ந்தமையால் காப்புறுதியும் இடையில் காலாவதியாகியிருந்தது. சிறுவர்களுக்குப் பற்சிகிச்சை வழங்கப்பட வேண்டுமென்பது மெடிகெயிட் சட்டத்திலேயே உள்ள நியதி. சட்டத்தில் இருந்த அவ்வுரிமை ஊரில் கிடைக்காமற் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமானது, மாநில அரசு பல் வைத்தியருக்கு வழங்கிய கட்டணம். அச்சிறுவனின் மறைவின் பின்னரே மேரிலாந்து அக்கட்டணத்தை உயர்த்த முன்வந்தது.

அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவில் வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் பெரும்பாலும் அரசாங்கத்துக்குச் சொந்தமானவையல்ல. அரசாங்கம் காப்புறுதியாளராக நின்று பணத்தை மட்டுமே செலுத்துகின்றது. 1965 ஜூலை 30 இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம் ஒரே நாளில் இரு திட்டங்கள் பிறந்தன. முதியோருக்கான மெடிகெயார் சமஷ்டி அரசாங்கத்தினால் நாடு முழுவதற்கும் ஒரே விதிகளின்படி நடத்தப்படுகின்றது. வறியோருக்கான மெடிகெயிட் சமஷ்டி அரசும் மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்து கொள்ளும் கூட்டு ஏற்பாடாகும். இதில் சேருவது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கடைசியாக இணைந்த அரிசோனா 1982 இலேயே சேர்ந்தது. இன்று ஏறத்தாழ 7 கோடி மக்கள் மெடிகெயிட்டில் தங்கியுள்ளனர். அந்நாட்டுப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு அதுவே பணம் செலுத்துகின்றது.

பெயரளவில் இரட்டையர்களாகத் தோன்றும் இவ்விரு திட்டங்களும் வைத்தியருக்குப் பணம் வழங்கும் விதத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. மெடிகெயாரின் கட்டணப் பட்டியல் நாடு தழுவியது. இடத்துக்கிடம் வாடகை, சம்பளம் போன்ற செலவுகளுக்கு ஏற்ப மட்டுமே அது சீர்செய்யப்படுகின்றது. மெடிகெயிட்டின் கட்டணத்தையோ ஒவ்வொரு மாநிலமும் தானே நிர்ணயிக்கின்றது. 2019 ஆம் ஆண்டுக் கட்டணங்களை ஒப்பிட்ட ஆய்வொன்றின்படி, மெடிகெயார் ஒரு டொலர் வழங்கும் சேவைக்கு மெடிகெயிட் சராசரியாக 72 சதமே வழங்கியது. குடும்ப வைத்தியம் போன்ற ஆரம்பச் சிகிச்சைக்கு அது 67 சதமாகவும் இருந்தது. இந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாடோ மிகப் பெரியது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அத்தொகை 40 சதத்தையும் எட்டவில்லை. அலாஸ்காவிலோ அது ஒரு டொலரையும் தாண்டியிருந்தது. தனியார் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக மெடிகெயாரை விடவும் கூடுதலாகவே செலுத்துகின்றன என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

வைத்தியரின் பக்கத்திலிருந்து நோக்கினால் விடயம் எளிதில் விளங்கும். தாதியின் சம்பளம், கட்டட வாடகை, மின்கட்டணம் என்பன நோயாளியின் கையிலுள்ள அட்டையைப் பார்த்து மாறுவதில்லை. மெடிகெயிட் நோயாளரை ஏற்கும் வைத்தியர், அத்திட்டம் வழங்கும் தொகையை முழுக் கட்டணமாகக் கொள்ள வேண்டும். எஞ்சியதை நோயாளியிடம் கேட்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனால் நோயாளரை ஏற்பதா, இல்லையா என்பது வைத்தியரின் தெரிவு. 2014, 2015 ஆம் ஆண்டுகளுக்கான தரவுகளின்படி தனியார் காப்புறுதி பெற்ற புதிய நோயாளரை 90 சதவீதமான வைத்தியர்கள் ஏற்றனர். மெடிகெயிட் நோயாளரை ஏற்றவர்கள் சுமார் 71 சதவீதத்தினரே. மனநல வைத்தியர்களுள் இது 36 சதவீதமாகச் சுருங்கியது. தாமதமான கொடுப்பனவு, நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள், ஓயாத பத்திர வேலைகள் என்பனவும் வைத்தியர்களை விலகச் செய்கின்றன. ஆகவே கட்டணம் மட்டுமே காரணம் என நாம் கூறவரவில்லை.

எனினும் கட்டணம் உயர்ந்தால் கதவு திறக்குமா என்பதற்கு ஒருமுறை பரீட்சை நடந்தது. ஜனாதிபதி ஒபாமாவின் காலத்துச் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம், 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளுக்கு மட்டும் ஆரம்பச் சிகிச்சைக்கான மெடிகெயிட் கட்டணத்தை மெடிகெயாரின் அளவுக்கு உயர்த்தியது. மேலதிகச் செலவை சமஷ்டி அரசே ஏற்றது. ஆய்வாளர்கள் 10 மாநிலங்களில் நோயாளர் போன்று தொலைபேசியில் அழைத்து நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டனர். உயர்வுக்கு முன் 58.7 சதவீதமான அழைப்புகளுக்கு நேரம் கிடைத்தது. பின்னர் அது 66.4 சதவீதமாகியது. கட்டணம் அதிகமாக உயர்ந்த மாநிலங்களில் முன்னேற்றமும் அதிகமாக இருந்தது. 2014 முடிவடைந்ததும் சமஷ்டி நிதி நின்றது. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் உயர்வைத் தொடர்ந்தன. பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின.

செல்வந்த மாநிலங்கள் அதிகமாகவும் வறிய மாநிலங்கள் குறைவாகவும் செலுத்தும் என்று எண்ணத் தோன்றும். உண்மை பெரும்பாலும் மறுதலையானது. இதற்கான காரணம் செலவுப் பகிர்வுச் சூத்திரத்தில் ஓரளவு அடங்கியுள்ளது. மாநிலத்தின் தலா வருமானம் குறையக் குறைய சமஷ்டி அரசின் பங்கு கூடுகின்றது. அப்பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே செல்வதில்லை. நியூயோர்க், கலிபோர்னியா, நியூ ஜேர்சி போன்றவை இந்த ஆகக் குறைந்த பங்கையே பெறுகின்றன. நாட்டின் மிக வறிய மாநிலமான மிசிசிப்பிக்கோ நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமாகக் கிடைக்கின்றது. இதனால் நியூயோர்க் தன் சொந்தப் பணத்தில் ஒரு டொலரை மிச்சப்படுத்த 2 டொலர் பெறுமதியான கொடுப்பனவைக் குறைத்தால் போதும். மிசிசிப்பி அதே ஒரு டொலரை மிச்சப்படுத்த 4 டொலருக்கும் மேலாகக் குறைக்க வேண்டியிருக்கும். வெட்டுவதில் இலாபம் இல்லாத இடத்தில் வெட்டு குறைவு.

மிசிசிப்பியின் சட்டம் வைத்தியர் கட்டணத்தை மெடிகெயாரின் 90 சதவீதமாக நிர்ணயித்துள்ளது. இதைக் கேட்டு அம்மாநிலம் வறியவரிடம் தாராள மனம் கொண்டதென முடிவு செய்தல் தவறாகும். 2012 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், மெடிகெயிட்டைக் குறைந்த வருமானமுள்ள வயது வந்தோர் அனைவருக்கும் விரிவாக்குவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 40 மாநிலங்கள் விரிவாக்கிய போதிலும் மிசிசிப்பி இன்றுவரை அதனை ஏற்கவில்லை. அங்கு உள்ளே வந்தவருக்கு வைத்தியர் கிடைக்கலாம். உள்ளே வரும் வாயில்தான் மிக ஒடுங்கியது. நியூ ஜேர்சியில் வாயில் அகலமானது, ஆனால் கட்டணம் நீண்டகாலமாக நாட்டின் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அலாஸ்காவின் உயர்ந்த கட்டணமும் கருணையினால் வந்ததன்று. பரந்த நிலப்பரப்பில் வைத்தியர் மிகச் சிலரே உள்ள இடத்தில், அவர்கள் கேட்பதைக் கொடுக்காவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஆண்டுதோறும் வரவு செலவைச் சமப்படுத்த வேண்டிய கட்டாயத்திலுள்ளன. பொருளாதாரம் சரியும்போது வரி வருமானம் குறைகின்றது. அதேவேளை வேலையிழந்தோர் மெடிகெயிட்டை நாடி வருகின்றனர். பயனாளிகளை நீக்கினால் அது செய்தியாகும். கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தால் அது வைத்தியரின் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே தெரியும். 2011 இல் கலிபோர்னியா அவ்வாறே 10 சதவீதக் குறைப்புக்குச் சட்டமியற்றியது. அதே மாநிலம் 2024 ஜனவரி முதல் ஆரம்பச் சிகிச்சை, மகப்பேறு, மனநலம் ஆகியவற்றுக்கான கட்டணத்தை மெடிகெயாரின் 87.5 சதவீதத்துக்கேனும் உயர்த்தியமை குறிப்பிடத்தக்கது.

வெளியிடப்படும் கட்டணப் பட்டியல் முழுக் கதையைச் சொல்வதுமில்லை. பயனாளிகளில் நான்கில் மூவர் வரை தனியார் பராமரிப்பு நிறுவனங்களின் ஊடாகவே சேவை பெறுகின்றனர். அந்நிறுவனங்கள் வைத்தியருக்குச் செலுத்தும் தொகை பல இடங்களில் இரகசியமாகவே வைக்கப்படுகின்றது. வைத்தியசாலைகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. மாநிலம் வைத்தியசாலைகளிடம் வரி அறவிட்டு, அதைத் தன் பங்காகக் காட்டி சமஷ்டி நிதியைப் பெற்று, கூட்டுத் தொகையை மேலதிகக் கொடுப்பனவாக அவற்றுக்கே திருப்பி வழங்குகின்றது. அலாஸ்கா தவிர்ந்த எல்லா மாநிலங்களும் ஏதோவொரு வடிவில் இத்தகைய வரியைக் கையாளுகின்றன. பெரிய வைத்தியசாலைகள் இதனால் நிமிர்ந்து நிற்கின்றன. சிறு நகரத்தில் தனியாக இயங்கும் குழந்தை வைத்தியருக்கு இதில் பெரும்பாலும் பங்கில்லை.

கட்டணம் போதாதென்றால் நீதிமன்றம் செல்லலாமே என வாசகர்கள் கேட்கலாம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கேனும் சேவை கிடைக்கத்தக்க வகையில் கொடுப்பனவு போதியதாக இருக்க வேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது. 1990 இல் வேர்ஜீனியா வைத்தியசாலைகள் தொடுத்த வழக்கில், சேவை வழங்குநர்கள் வழக்காடலாமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு ஆதாரமாயிருந்த சட்டப் பிரிவை 1997 இல் காங்கிரஸ் நீக்கியது. 2015 இல் ஐடஹோ மாநில வழக்கில், போதுமான கொடுப்பனவு பற்றிய பிரிவை நிறைவேற்றக் கோரி சேவை வழங்குநர் வழக்குத் தொடர முடியாதென நீதியரசர்கள் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்மானித்தனர். அதனை வலியுறுத்தும் பொறுப்பு சமஷ்டி நிர்வாகத்திடம் விடப்பட்டது. அதன் கையிலுள்ள ஆயுதமோ மாநிலத்துக்கான நிதியை நிறுத்துவதாகும். அதைப் பிரயோகித்தால் முதலில் வருந்துபவர் அதே வறிய நோயாளரே.

2025 ஜூலை 4 இல் ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டம் இந்தப் பிணக்கை மேலும் இறுக்கியுள்ளது. மெடிகெயிட்டை விரிவாக்கிய மாநிலங்கள் அறவிடக்கூடிய வைத்தியசாலை வரியின் உச்சவரம்பு 2028 முதல் படிப்படியாகக் குறைந்து 2032 இல் 6 இலிருந்து 3.5 சதவீதமாகும். மேலதிகக் கொடுப்பனவுகளுக்கும் அம்மாநிலங்களில் மெடிகெயார் கட்டணமே எல்லையாக்கப்பட்டுள்ளது.

அதே ஆண்டிலேயே மாநிலங்கள் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தன. குடும்ப வைத்தியர்கள் அருகிப் போவதைக் கண்ட ரோட் ஐலண்ட், ஆரம்பச் சிகிச்சைக் கட்டணத்தை மெடிகெயாருக்குச் சமமாக்க நிதி ஒதுக்கியது. ஐடஹோ 4 சதவீதம் குறைத்தது. வட கரோலினா ஒக்டோபர் முதலாம் திகதி முதல் 3 தொடக்கம் 10 சதவீதம் வரை குறைத்தது. வழக்குகள் தொடரப்பட்ட பின்னர் டிசெம்பரில் அதன் ஆளுநர் அக்குறைப்பை விலக்கிக் கொண்டார். குறைப்புக்குக் காரணமாயிருந்த நிதிப் பற்றாக்குறையை நிரப்புவதற்கான பணத்தை மாநில சட்டசபை அப்போதும் ஒதுக்கியிருக்கவில்லை.